எல்லாப் பனிக்கும் ஒரே பலகை

எங்கள் வீட்டுப் பரணில், ஓடாத டேபிள் ஃபேனுக்கும் சுருட்டிக் கட்டிய கோரைப்பாய்க்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகை படுத்திருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் என் மூக்குக்கு வரும். ஒரு முனை படகின் மூக்கு போல வளைத்து அறுக்கப்பட்டது. நடுவில் கொஞ்சம் இடுப்பு ஒடுங்கி, வால் பக்கம் மறுபடி அகலமாகும். முன்னும் பின்னும் சந்தனம் அப்பி அப்பிக் காய்ந்து, அதன் மேல் குங்குமம் வைத்து வைத்துக் கருஞ்சிவப்பாகத் தடித்துப் போயிருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாக்கா இது, எந்தக் கோயில் பலகை?" என்று பயபக்தியோடு கேட்டார். பனிச்சறுக்குப் பலகை என்றேன். ஆவடியில், வேர்த்து ஊற்றுகிற மத்தியானத்தில். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். பாவம், அவர் வேறென்ன செய்வார்.

அந்தப் பலகையில் ஒருவரும் சறுக்கியதில்லை. ஆனால் அதை வைத்துத்தான் என் மாமியாரும் நாத்தனாரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தேன் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் மாமியார் பேசுகிற பாஷை பாதி புரியாது. புரிந்த பாதி திட்டு மாதிரி இருக்கும். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். சட்டைக் கை அரை அங்குலம் கூடினால் துணியைத் திருப்பி எறிகிற மனுஷி, வீட்டுக்கு எது வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். செருப்பு, ரவிக்கை, குக்கர், கொசுவலை, எதுவானாலும் சரி. என் கணவர் பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஷூ முனையில் பேப்பர் திணித்துத்தான் நடந்திருக்கிறார். அவருக்குத் தொப்பை வந்த பிறகும் தீபாவளிக்குப் பெரிய சட்டைதான் வரும். "வளர்ற புள்ள" என்பார் மாமியார். இந்த வயதிலா என்று நான் கேட்டால், "சைடுல வளர்றான் இல்ல?" என்று பதில் தயாராக இருக்கும். மாமனார் சீக்கிரம் போய்விட்டார். ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவருக்கு, இன்றைக்குச் சரியாக இருப்பது நாளைக்குப் பத்தாமல் போகும் என்ற பயம் கடைசிவரை விடவில்லை.

நாத்தனார் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். கம்பெனி அவளை நியூசிலாந்துக்கு அனுப்பியது. அங்கே பனிமலையில் சறுக்கக் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று கையாட்டுவாள், மாமியார் போனை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மோட்டார் பைக்கு இல்லாத ஹெல்மெட்டு?" என்பார். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பலகையில் பூட்டிக்கொள்கிற பூட்ஸை முதன்முதலாகச் சொந்தமாக வாங்கும்போது, கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும், விரலுக்கு இடம் இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறாள். அம்மா வளர்த்த பெண் அல்லவா. பூட்ஸுக்குள் கால் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. கால் ஒரு பக்கம் திரும்ப, பலகை சாவகாசமாகத் திரும்ப, சரிவில் உருண்டு முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுக்கை. ஆபீஸ் வேலை ஜாஸ்தி என்று அம்மாவிடம் புளுகியிருக்கிறாள்.

அப்புறம் ஒரு பங்குனி மாதத்துக் காலையில் மாமியாருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. நாத்தனார் அங்கே எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். உள்ளூர் ஆபீஸுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். மாமியாருக்குத் தலை வாரிவிடுவது, காலுக்கு எண்ணெய் நீவிவிடுவது, பிசியோதெரபிக்கு ஆட்டோவில் அழைத்துப் போவது எல்லாம் அவள்தான். மாமியார் கோல் ஊன்றி ஹாலுக்குள் நடக்கிற அளவுக்குத் தேறினார். மாடிப்படி மட்டும் ஏற முடியாது. அந்த நாட்களில்தான் எனக்கும் அவளுக்கும் நெருக்கம் உண்டானது. அதுவரை நாத்தனார் என்றால் தூரத்தில் இருக்கிறவரைக்கும் நல்லவள் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நவராத்திரி சமயத்தில் அவளுடைய சிநேகிதன் நியூசிலாந்திலிருந்து செய்தி அனுப்பினான். அங்கே பனிக்காலம் முடிகிறது, கடையில் மிச்சம் இருக்கிற பலகைகளைத் தள்ளிவிடுகிறார்கள், உனக்கு ஒரு ஜோடி எடுத்து வைக்கவா, எந்த மாதிரி வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்று. அதுவரை அவள் வாடகைப் பலகையில்தான் சறுக்கியிருக்கிறாள். இதை வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். துணி காயப்போட மாடிக்கு வந்தபோது என்னிடம் மட்டும் இன்னொன்றையும் சொன்னாள். அங்கே பழைய இடம் மறுபடி காலியாகியிருக்கிறது. வருகிறாயா என்று ஆபீஸ் கேட்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொல்லப் போற?" என்றேன்.

"தெரியல அண்ணி. மொதல்ல பலகைய முடிவு பண்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு பற்றி எரியும்போது யாராவது திரைச்சீலைக்கு நிறம் பார்ப்பார்களா? ஆனால் அவள் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரகத்துக்கு ஒன்றாக மூன்று பலகை வரைந்தாள். முதலாவது அகலம், இரண்டாவது ஒல்லி, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். வரைந்துகொண்டே சொன்னாள். புதிதாகக் கொட்டிய பனி மாவு மாதிரி முழங்கால் வரைக்கும் இருக்கும். அதில் ஒல்லியான பலகை உள்ளே போய்விடும், அகலமானதுதான் மிதக்கும். ராத்திரி உறைந்து விடிகாலையில் மொசைக் தரை போல இறுகிக் கிடக்கிற பனியில் அகலம் உதவாது. அங்கே இடுப்பு ஒல்லியாக இருந்தால்தான் ஓரத்து இரும்பு விளிம்பு சட்டென்று கடித்துப் பிடிக்கும். மத்தியானம் வெயிலில் அதுவே கூழாகிவிடும். அதற்கு மூக்கு கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குத்திக்கொண்டு நிற்கும். எல்லாப் பனிக்கும் என்று நடுவில் ஒரு ரகம் செய்கிறார்கள். அது எதிலும் பிரமாதமாக இருக்காது, எதிலும் கைவிடாது.

"சரி, உனக்கு எந்தப் பனி?"

"காஷ்மீர்ல மாவுப் பனி அண்ணி. அங்க இறுகின பனி ஜாஸ்தி."

அவள் 'அங்க' என்றது நியூசிலாந்தை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அகலப் பலகையை வாங்கினால் அவள் இங்கேயே இருக்கிறாள்; வருஷத்தில் ஒரு வாரம் காஷ்மீருக்குப் போய் ஆசையைத் தீர்த்துக்கொண்டு வருவாள். ஒல்லிப் பலகையை வாங்கினால் போகிறாள். ஆபீஸுக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் கோலமாவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் மனசு எப்படி ஓடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. அகலத்தை வாங்கு, அகலத்தை வாங்கு என்றுதான் ஓடியது. அவள் போனால் குளிப்பாட்டுவதிலிருந்து மாத்திரை வரை எல்லாம் என் தலையில். "நீ சொல்லு அண்ணி" என்று அவள் நிமிர்ந்து பார்த்தபோது, "உன் கால், உன் பலகை. என்னை எதுக்குடி கேக்குற?" என்று வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்கு மேல் நின்றிருந்தால் வாயில் வந்திருக்கும்.

கீழே மாமியார் பிடித்துக்கொண்டார். "மேல இன்னா பண்ணிகினு கீறீங்க ரெண்டு பேரும்? எனக்குத் தெரியாம இன்னா கோலம்?" விஷயத்தைச் சொன்னேன், ஆபீஸ் சமாசாரத்தை மட்டும் விழுங்கிவிட்டு. உடனே தானும் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். படியேற முடியாதவரை எப்படி மேலே கொண்டு போவது? என் கணவர் அளவைக் குறித்துக்கொண்டு பூந்தமல்லியில் தெரிந்த மரக்கடைக்குப் போய் மூன்று பலகை அறுத்து வந்தார். "மீன் மாதிரி கீதே, இன்னாத்துக்கு நைனா?" என்று கடைக்கார பாய் கேட்டாராம். அம்மா பார்க்கணும் என்றதும் வேறு ஒன்றும் கேட்காமல், சிலாம்பு குத்திவிடப் போகிறதென்று ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் டீப்பாயை ஒதுக்கிவிட்டு மூன்றையும் வரிசையாகப் போட்டோம். மாமியார் நாற்காலியில், கோலைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, செக்கிங் மேஜை முன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். நாத்தனார் ஒன்றைத் தன் பக்கத்தில் நிமிர்த்திக் காட்டிவிட்டு மறுபடி கீழே போட்டாள்.

"இன்னாடி, உன் மூக்கு வரைக்கும்தான் வருது? இதவிட நீட்டு இல்லியா?"

"இருக்கும்மா. அது ரொம்ப வேகமா போறவங்களுக்கு. எனக்கு இதான் அளவு."

"பெருசாவே வாங்கு. இன்னிக்கு வேகமா போல, நாளிக்குப் போவ. வளர்ற புள்ள."

நாத்தனாருக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, பூட்ஸ் கதையைப் போட்டு உடைத்துவிட்டாள். உருண்டது, முழங்கால் வீங்கியது, புளுகியது எல்லாம். மாமியார் முன்னால் குனிந்தார். "காட்டு" என்றார். அவள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினாள். அங்கே என்ன இருக்கிறது பார்க்க, ஆறிப்போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் வலது கையால் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அத்தனை பேருக்கும் பெரிய சைஸாக வாங்கிக் கொடுத்த கை. "என்னாலதான்" என்றார். இல்லம்மா, இல்லம்மா என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "சரி, அளவாவே வாங்கு. இப்ப சொல்லு, எது எங்க ஓட்டறது?"

அவள் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கியது. அகலமானதைக் காலால் தொட்டு, "இதையே சொல்லிடறேம்மா. வருஷத்துக்கு ஒரு வாட்டி காஷ்மீர் போனாப் போதும்" என்றாள். மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார். பேச்சு அகலப் பலகையைப் பற்றி நடக்கிறது, மகளின் இன்னொரு கால் அதுபாட்டுக்கு ஒல்லிப் பலகையின் மேல் நிற்கிறது. துணியில் கோணல் தையலைக் கண்டுபிடிக்கிற அதே பார்வை.

"ஆபீஸ்ல கூப்டறானா?" என்றார்.

நான் சொல்லவில்லை என்று நாத்தனாருக்குக் கண்ணால் சத்தியம் செய்தேன். மாமியார் கோலால் தரையைத் தட்டினார். "அவளப் பாக்காத. என்னைப் பாரு. ஒரு கட்டைக்காடி மூணு நாளா சோறு எறங்காம சுத்திகினு கீறே? எனக்குக் கைகால்தான் விழுந்துது, கண்ணு கீது."

நாத்தனார் அழுதுவிட்டாள். போக மாட்டேன், உன்னை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாள். மாமியார் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. கோலை நீட்டி நடுவில் கிடந்த பலகையைத் தட்டி, "இது எதுக்கு?" என்றார்.

"அது எல்லா எடத்துக்கும் ஆவும்."

"அப்ப அத வாங்கு. நான் கீற வரைக்கும் ஒண்ணு, நான் போனப்புறம் ஒண்ணுன்னு ரெண்டா வாங்குவே?"

அந்தக் கேள்வியை நாத்தனார் மனசுக்குள் எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்து வெட்கப்பட்டிருப்பாளோ. பெற்றவள் அதை மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள். என் கணவருக்கு இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாது. "சரிம்மா, நடுப்பலகையே வாங்கட்டும். அந்தப் பையன் டிசம்பர்ல ஊருக்கு வரான் இல்ல, எடுத்துகினு வரச் சொல்லலாம்" என்றார்.

"அம்மாம் நீட்ட அவன் எதுக்குத் தூக்கினு வரணும்?" என்றார் மாமியார். "அங்கியே கெடக்கட்டும். இவ போயி எடுத்துக்கட்டும்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வெறும் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினேன். என்ன மனுஷி இவள், பார்க்கப் போகிறவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டாளா என்று பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எது எதற்கு என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. சாயங்காலம் மாமியார் என்னைக் கூப்பிட்டுத் தலை வாரச் சொன்னார். நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ கீறேன்னுதான் சொன்னேன்மே" என்றார். அவ்வளவுதான். நான் சிக்கை எடுக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை. பைக், லேப்டாப், மிக்ஸி, அரிவாள்மனை, என் கணவரின் டூல் பாக்ஸ் எல்லாம் வரிசையாக நின்றன. நிஜப் பலகை கடல் தாண்டிக் கிடக்கிறது. ஆகவே பிளைவுட் நடுப்பலகையைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார் மாமியார். மாங்காட்டுக் குங்குமத்தை எடுத்துத் தானே வைத்தார். நாத்தனார் குளிக்கப் போயிருந்தாள், நான் உதவிக்கு நடுவில் ஒரு பொட்டு வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அங்க வெக்காத. அவ கால் வெக்கற எடம். குங்குமத்த மிதிச்சா ஆவுமா?" மூக்கிலும் வாலிலும் மட்டும் சந்தனம் பூசி, நடுவில் ஒரு பாதத்துக்கு இடம் விட்டார். மற்ற இரண்டு பலகைகளில் அகலமானது ஊறுகாய் ஜாடி வைக்கிற தட்டாகிவிட்டது. ஒல்லியானதை மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வாசற்படியில் நிறுத்தினோம்.

நாத்தனார் போனாள். பிறகு எனக்கும் மாமியாருக்கும் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார், நான் கத்துவேன், "விருதுநகர் மொளகா" என்பார். போனில் மகளிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார். "பலகை எப்டி கீது?" என்பார். காலையில் இறுகின பனியில் கொஞ்சம் உதறுகிறது, மாவுப் பனியில் கொஞ்சம் அமுங்குகிறது, ஆனால் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது என்று அவள் சொல்வாள். மாமியார் திருப்தியாகத் தலையாட்டுவார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பிளைவுட் பலகை பரணிலிருந்து இறங்கும். முன்னும் பின்னும் பொட்டு, நடுவில் இடம். அங்கேயும் அந்தச் சமயம்தான் பனிக்காலம் முடிவதால் அவளும் அன்று சறுக்காமல், பலகைக்கு மெழுகு பூசித் துடைத்து எடுத்து வைப்பாளாம்.

மாமியார் ஒரு ஐப்பசி மழையில் போய்விட்டார். தூக்கத்திலேயே. மகள் வந்து சேரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வாசலில் தண்ணீர் நின்றது, உள்ளே கூட்டம். அவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் வந்து பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்து அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் வெளிப்பக்கமாகத் துடைத்தாள். மறுபடி மறுபடி துடைத்தாள். எத்தனையோ மலையில் பனியைப் பார்த்தவள், அது உள்ளே இருக்கிறது, கைக்கு எட்டாது என்பதைப் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாள். நான் போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பால் தெளித்த அன்று மத்தியானம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு கேட்டாள். "நான் போயிருக்கக் கூடாது, இல்ல அண்ணி?"

போனதால் எனக்கு வந்த கஷ்டத்தை நான் அறிவேன். இருந்திருந்தால் அவளுக்கு வந்திருக்கும் கஷ்டத்தை மாமியார் அறிவார். ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து பலகையை இறக்கி அவள் மடியில் கிடத்தினேன். வருஷா வருஷம் வைத்த பொட்டு என்று அவளுக்குத் தெரியும், வீடியோவில் பார்த்திருக்கிறாள். நடுவில் விட்ட இடத்தைப் பற்றி யாரும் சொன்னதில்லை. விரலால் அதன் ஓரத்தைச் சுற்றி வந்தாள். "இது ஏன் வெறுமனே இருக்கு?" என்றாள். சொன்னேன். பலகையைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் தடுக்கவில்லை. சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அடுத்த வாரம் திரும்பிப் போனாள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் ஸ்டூலைத் தேடியபோது என் கணவர், "அம்மாவே இல்ல, இன்னும் எதுக்கு அது?" என்றார். டூல் பாக்ஸைத் துடைக்கிற வேலையைப் பாருங்கள் என்றேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் கால் உறுதியாக நிற்க வேண்டும் என்று ஒருத்தி இத்தனை வருஷம் நினைத்திருக்கிறாள், அதை நான் பாதியில் விடுவதா? சந்தனத்தைக் குழைத்து, பழைய பொட்டின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்.

"அண்ணி, பலகைக்கு வெச்சாச்சா?"

"ஆச்சு."

"நடுவுல என் காலுக்கு எடம் விட்டிருக்கியா?"

நான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதில் கை தள்ளிப் போய், மாமியார் விட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டிருந்தேன்.

"ஒரு சைஸ் பெருசாவே விட்டிருக்கேன்டி" என்றேன்.